வயர் கூடையில் வந்த கேமரா

“போட்டோகிராபர் வாட்ஸ்அப் குரூப்புல என்னை அசிங்கப்படுத்துனது நீங்கதான் அண்ணாச்சி.”

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் சிவகிரி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, எனக்கு முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். அவள் மடியில் பிளாஸ்டிக் வயர் கூடை இருந்தது. எதிர்வரிசை ஆள் பளபளப்பான கேமரா பையை அணைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ளதத்தான சொன்னேன்? கத்திரிக்கா வாங்குற கூடையில கேமராவத் தூக்கிட்டு வந்தா கல்யாண வீட்டுல எவன் மதிப்பான்?”

“நானே பின்னுன கூடை. உள்ள ஸ்பாஞ்சு வச்சுத் தச்சிருக்கேன். எந்தக் கூட்டத்துலயும் இடிபடாது, கைய உள்ள விட்டா கேமரா வந்துரும். நீங்க எழுதுனது வெளிய பரவி ரெண்டு கல்யாண வீட்டுல என்னை வேண்டாம்னுட்டாங்க.”

“நல்ல பை ஒண்ணு வாங்க வேண்டியதுதான?”

“எதுக்கு? போன முகூர்த்தத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்க, பொண்ணு வீட்டுக்கு நான். கெட்டிமேளம் கொட்டுது, நீங்க கேமரா பையில சிக்குன ஜிப்ப இழுத்துட்டு நிக்கீங்க.”

“மெதுவாப் பேசும்மா, ஆளுக பாக்காங்க.”

பார்த்தால் என்ன? குரூப்பில் எழுதும்போது அந்த வெட்கம் எங்கே போனது என்று எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“பாக்கட்டும். தாலி கட்டுற படம் உங்க ஆல்பத்துலயும் இருக்கு. அதை யாரு எடுத்தா? பஸ்ஸுல உள்ள அத்தன பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”