நான்காவது கேள்வி

எழுத்து கோணலாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. சாப்பாட்டுக் கடைப் பலகையில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றால், எவ்வளவு பசித்தாலும் வேறு கடைக்குப் போய்விடுவேன். என் மனைவி ஐவி இதற்காகத் திட்டாத நாள் இல்லை. மற்றபடி குடிக்க மாட்டேன், ஞாயிறு பூசைக்குத் தவற மாட்டேன். பெயர் சில்வெஸ்டர். ஈப்போவில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். திரையில் தமிழ், மலாய், சீன எழுத்துகள் ஒழுங்காகத் தெரிய வைப்பது என் வேலை.

விசாரிக்க வந்த நீங்கள் சுங்கை சிப்புட் மையத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அது சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் மையம். வாரத்தில் மூன்று நாள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த நம் ஆட்கள். முன்பெல்லாம் தாதி ஜூலியானா ஒவ்வொருவரிடமும் ஐந்து கேள்விகளை வாயால் கேட்பார். காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, இந்த மாதிரி. நான்காவது கேள்வி, கீழே விழுந்து தலையில் அடிபட்டதா என்பது. அடிபட்டிருந்தால், இரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மருந்தை அன்றைக்குப் போடக் கூடாது. போட்டால் மண்டைக்குள் இரத்தம் கசியும். இந்த ஐந்தையும் வாசலில் ஒரு டேப்லெட் கேட்கும்படி நாங்கள் செய்து கொடுத்தோம். இல்லை என்றால் பச்சைப் பொத்தான், ஆமாம் என்றால் சிவப்பு.

டேப்லெட்டுகள் யாரோ தானமாகக் கொடுத்த பழசு. அதிலிருந்த தமிழ் எழுத்துருவில் சில எழுத்துகளே கிடையாது. முழு எழுத்துருவை ஏற்றினால் திரை அப்படியே நின்றுபோனது. அதனால் முதல் வாரம், அந்த எழுத்துகள் வருகிற நான்காவது கேள்வி மட்டும் கட்டம் கட்டமாக வந்தது. வருகிறவர்கள் எல்லாரும், “மிஸ்ஸி, இது என்னா பொட்டி பொட்டியா இருக்கு?” என்று கூப்பிட்டார்கள். ஜூலியானா ஓடி வந்து படித்துச் சொன்னார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் முதலாளி தேவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

“மச்சான், வெள்ளிக்கிழமை பெரிய ஆளுங்க பாக்க வாராங்க. இந்தப் பொட்டிய எடுத்துருலா. மானம் போவுது.”

“வேற டேப்லெட் வேணும் தேவா.”

“இருக்கறத வச்சு செய்யிலா.”

கையைக் கட்டிப் போட்டுவிட்டு நீந்தச் சொன்னால் யார்தான் நீந்துவார்? நான் நான்கு வரி எழுதினேன். எழுத்து முழுதாக வராவிட்டால் அந்த வாக்கியத்தையே காட்டாதே என்று. திரை வெள்ளையாக, பார்க்கச் சுத்தமாக இருந்தது. கீழே பச்சையும் சிவப்பும் மட்டும். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை ஜூலியானா போன் செய்தார்.

“அண்ணே, நாலாவது கேள்வியக் காணோம். வெறும் வெள்ளையா இருக்கு.”

“பாக்கறேன் மிஸ்ஸி. அது வரைக்கும் பச்சைய அமுக்கச் சொல்லுங்க, அடுத்தது வந்துரும்.”

பாவம், அந்தப் பெண் அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி வாயால் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி போன் வந்தது. சரி பண்ணிவிட்டேன் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. என் கைப்பேசியில் அழகாக வந்தது, டேப்லெட்டில்தான் இன்னும் வெள்ளை. அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நம் ஆட்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி விரலை எங்கே வைக்கச் சொன்னாரோ அங்கே வைத்துப் பழகிய குடும்பங்கள். கட்டத்தைப் பார்த்தால், ஏதோ கெட்டுப்போச்சு என்று கேட்பார்கள். வெள்ளையைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள், பச்சையை அமுக்குவார்கள். அந்த நான்கு வரியை எழுதும்போதே எனக்கு இது தெரியும். நானும் தோட்டத்துப் பிள்ளைதானே.

மையத்துக்கு வந்தவர்களில் பத்துமலை என்று ஒருவர், லாரி ஓட்டியவர், ஐம்பத்தெட்டு வயது. தமிழ்ப் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் வீக்கம். முடி மறைத்துவிட்டது. மிஸ்ஸியிடம் சொல்லுங்கள் என்று அவர் மனைவி புனிதா சொல்லியிருக்கிறார். “அங்க ஸ்கிரீன்ல கேப்பாங்கலா, சொல்லிக்கிறேன்” என்றிருக்கிறார் மனுஷன். மறுநாள் ஐந்து முறையும் பச்சையை அமுக்கினார். நான்கு மணி நேரம் மருந்து உடம்பில் ஓடியது. வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தார். செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் போய்விட்டார்.

கேள்விப்பட்டதும் உடனே உட்கார்ந்து அந்தக் கேள்வியைப் படமாக மாற்றித் திரையில் ஒட்டினேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. பளிச்சென்று தெரிந்தது. படமாக ஒட்டலாம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் எங்கள் தொழிலில் அது கேவலம். எழுத்தை எழுத்தாகக் காட்டத் தெரியாதவன் செய்கிற வேலை. நான் முறைப்படி எழுத்துருவைத் திருத்திக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருந்தால் முடித்திருப்பேன். யார் கொடுத்தார்கள் அந்த இரண்டு வாரத்தை?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து புனிதா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில், அவர் அன்றைக்கு அமுக்கிய பதில்கள் என்று மையத்தில் கொடுத்த பதிவு. நான்காவது கேள்வி, தலையில் அடிபட்டதா? பதில், இல்லை.

“தம்பி, நீங்கதான் இதச் செஞ்சவராம். சொல்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அப்புறம் ஏன் இல்லன்னு அமுக்குனாரு? சாவணும்னு நெனச்சாரா? எங்கிட்ட என்னா குறை அவருக்கு?”

எனக்குக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. “சில பேரு பயந்துக்கிட்டுச் சொல்ல மாட்டாங்கக்கா” என்றேன். அவர் பதிவை மடித்து எடுத்துக்கொண்டு போனார். வீட்டுச் சுவரில் மாட்டிய பத்துமலையின் படத்தை அவர் கழற்றிவிட்டதாக ஜூலியானா சொல்லிக் கேள்விப்பட்டேன்.

ஆமாம். கேள்வியை மறைத்தது நான்தான். சரி பண்ணிவிட்டேன் என்று சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தப் பதிவில், இந்தக் கேள்வி அவருக்குக் காட்டப்படவில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறீர்கள். புனிதா அக்காவிடம் காட்ட வேண்டும் என்கிறீர்கள். மன்னியுங்கள், அது மட்டும் என்னால் முடியாது. அவர் பச்சையைத்தான் அமுக்கினார். நடந்ததை மாற்றி எழுத என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.