உள்ளோரத் தேய்மானம்

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, ஐயா. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்து இலையில் யாராவது பேசிக்கொண்டே சாப்பிட்டால் எனக்கும் இன்னொரு கரண்டி இறங்கும். யாரும் இல்லையென்றால் பாதியில் இலையை மடித்துவிடுவேன். வழக்கைக் கேட்டால் சாப்பாட்டைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். வழக்கே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

என் பெயர் பூமிநாதன். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில் ஷெட் வைத்திருக்கிறேன். அறுபத்து நாலில் போட்டது. காரின் முன்சக்கரங்களை நேர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அலைன்மென்ட் என்பார்கள். காலைக் கோணலாக வைத்து நடக்கிறவனுக்குச் செருப்பு ஒரு பக்கமாகத் தேயும் அல்லவா, சக்கரமும் அப்படித்தான். கொஞ்சம் உள்ளே திரும்பி நின்றால் டயரின் வெளியோரம் தேயும். வெளியே திரும்பி நின்றால் உள்ளோரம் தேயும். ஒரு ஸ்பேனரும் நல்ல கண்ணும் இருந்தால் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம்.

முதல் தடவை நடந்தது நிஜமான தவறு. மெய்யநாதன் செட்டியாரின் வெள்ளை அம்பாசிடர் வந்திருந்தது. அவர் பல வருஷம் மலாயாவில், ஈப்போவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, பெஞ்சில் உட்கார்ந்து கதை சொன்னார். அங்கே ஒரு குரங்கு இவருடைய கார் வைப்பரைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டதாம். மழை வந்ததும் அங்கேயே உட்கார்ந்து தன் முகத்தைத் துடைத்துக்கொண்டதாம். நான் சிரித்த சிரிப்பில் அளவு பார்க்க மறந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அவரே திரும்பி வந்தார். டயரின் வெளியோரம் அரம் போட்டது மாதிரி தேய்ந்திருந்தது. திட்டுவார் என்று பயந்தேன்.

"என்னப்பா பூமி, நம்ம ரோடு டயரைத் தின்னுருது போல" என்றார்.

"ஆமாண்ணே, குன்றக்குடிப் பக்கம் ரோடு மோசம்" என்றேன்.

அன்று மத்தியானம் வரை இருந்தார். அவர் மனைவி சாலா ஆச்சி தூக்குச்சட்டியில் கந்தரப்பம் கொடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் தின்றோம். அவர் போன பிறகு அன்றைக்கு முழுவதும் எனக்குப் பாட்டு வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு தவறு செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

செட்டியாருக்கு மட்டுமல்ல. டாக்டர் நாகநாதன் நன்றாக மிமிக்ரி செய்வார். அவர் வண்டிக்கும் அதே அளவுதான். உடையப்பன் என்று ஒரு காண்ட்ராக்டர், வாயைத் திறந்தால் ஷெட்டே குலுங்கும், அவருக்கும் செய்தேன். எனக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் முறை வைத்ததுபோல வந்தார்கள். எப்போதும் வெளியோரம்தான். நின்றபடியே கண்ணில் படும், பட்டதும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆபத்தில்லாத முறை என்று நான் யோசித்துத்தான் அதை எடுத்தேன். பிடிக்காதவர்களுக்குச் சக்கரத்தைத் துல்லியமாக வைத்துக் கொடுத்தேன். ரயில்வே ஸ்டேஷனில் டாக்சி ஓட்டும் வயிரவன் ஒருவர். வெற்றிலைச் சாற்றை என் சுவரிலேயே துப்புவார், எதைச் சொன்னாலும் எதிர்ப் பேச்சு. அவர் டயர் வருஷக்கணக்கில் வழுவழுவென்று சமமாகத் தேய்ந்தது. திரும்பி வரவே மாட்டார். எனக்கு அதுதானே வேண்டும்.

இப்படிப் பல வருஷம் சந்தோஷமாகப் போயிற்று. ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா, நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

போன வருஷம் செட்டியாரின் மைத்துனர் மதுரையிலிருந்து வந்தவர், வெளியோரம் தேய்ந்தால் அது அலைன்மென்ட் கோளாறுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டார். செட்டியார் என்னைச் சந்தேகப்படவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "கொஞ்சம் நல்லாப் பாத்து வையி பூமி" என்றார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து வெளியோரத்தைத் தடவிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. நான் என்ன செய்வது? சக்கரத்தை மறுபக்கம் திருப்பி வைத்தேன். இனி உள்ளோரம் தேயும். அது அவர் கண்ணில் படாது. ஆனால் அவர்தான் மாதம் ஒருமுறை எப்படியும் வருவாரே, நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

பிறகு பெட்ரோல் விலை ஏறிற்று. ஊரில் பாதிக் கார்கள் வெளியே வரவில்லை. செட்டியார் வண்டி எப்போதாவது ஷெட்டைத் தாண்டிப் போகும், நிற்காது. ஹார்ன் மட்டும் அடிப்பார். எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஐயா. டயர் எந்த நிலைமையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கூப்பிடாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது மரியாதையில்லை. வரவேண்டியவர் அவர்தானே.

சித்திரை மாதம், நல்ல வெயில். செட்டியாரும் ஆச்சியும் பிள்ளையார்பட்டிக்குப் புறப்பட்டவர்கள், என் ஷெட் வாசலில் வண்டியை ஓரங்கட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு. பெஞ்சைத் துடைத்துவிட்டு ஓடினேன்.

"எறங்கலை பூமி. ஆச்சி அவசரப்படுத்துறாக" என்றார்.

பின் சீட்டிலிருந்து ஆச்சி, "உச்சி வெயிலுக்குள்ள போயிட்டு வந்துரலாம்னுதான். இன்னொரு நாளைக்கு ஒக்காந்து பேசுங்களேன்" என்றார்கள்.

"அதுக்கென்ன ஆச்சி, போயிட்டு வாங்க" என்றேன்.

போனார்கள். பிள்ளையார்பட்டி விலக்குக்கு முன்னால் வலது முன்டயர் வெடித்தது. வண்டி வலது பக்கம் இழுத்துப் புளியமரத்தில் மோதியது. செட்டியார் அங்கேயே முடிந்துவிட்டார். ஆச்சிக்குக் கை முறிந்தது.

நொறுங்கிய வண்டியை என் ஷெட்டுக்குத்தான் இழுத்து வந்தார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள்? ஐயா, அந்த வாரம் வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் வந்தார், காண்ட்ராக்டர் வந்தார், முகம் தெரியாதவர்கள்கூடக் கீழப்பூங்குடியிலிருந்து வந்தார்கள். பெஞ்சு போதவில்லை. பக்கத்துக் கடையில் நாற்காலி வாங்கிப் போட்டேன். எல்லாருக்கும் காப்பி. ஒவ்வொருவரும் செட்டியாரைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள். குரங்குக் கதையை நான் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கையில் கட்டோடு ஆச்சியும் வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுக ஒங்களைத் தவிர வேற யாருகிட்டயும் வண்டியை விடமாட்டாக பூமி" என்றார்கள். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அந்தக் கூட்டத்தில்தான் கூப்பிடாமலே வயிரவனும் வந்தார். வண்டிக்கு அடியில் குனிந்து, வெடிக்காத முன்டயரின் உள்ளோரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கூட்டம் கலைகிறவரை காத்திருந்தார்.

"ஏம்ப்பா பூமி, செட்டியார் டயரு உள்பக்கமாத் தின்னுருக்கு. டாக்டர் வண்டி வெளிப்பக்கமாத் தின்னுது. எல்லாருக்கும் நீதான் பாக்குற. ஏ வண்டி மட்டும் ஏன் ஒரு பக்கமாத் தேயலை?"

அவரிடம் பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பிடிக்காதவர்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"ஒங்களைத் திரும்பப் பாக்க எனக்கு ஆசையில்லை" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "வண்டியில ஏறு" என்றார். நான் ஏறினேன். ஒரு பக்கமும் இழுக்காமல் கோடு போட்டதுபோல ஓடியது அந்த டாக்சி. நேராக உங்கள் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். அன்று ஷெட் வாசலில் நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுதான் அவர்களை வழியனுப்பினேன். சாலையில் ஏறுவதற்காகச் செட்டியார் ஸ்டீயரிங்கை ஒடித்தார். சக்கரம் திரும்பியபோது வலது டயரின் உள்ளோரம் என் பக்கம் தெரிந்தது. ரப்பர் முழுவதும் போய் உள்ளே இருக்கிற நூல் வெள்ளையாகப் பிரிந்திருந்தது. அந்த வெயிலில் பத்து மைல்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும். "அண்ணே, நில்லுங்க" என்று சொன்னால் போதும். வாயும் திறந்தேன். ஆனால் அவர் ஏற்கெனவே என்னைப் பார்க்காமல் ஆச்சியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அது என்ன கதை என்று எனக்குக் கேட்கவில்லை. கை காட்டி, "மெதுவா வாங்கண்ணே, நான் இங்கனதான் இருப்பேன்" என்றேன். ஆகவே அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் காவலர்கள் நன்றாகப் பேசுகிறார்கள். ஒரே ஒரு ஆச்சரியம், தினமும் காலையில் வயிரவன்தான் இட்லி கொண்டுவருகிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஏன் வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. டாக்டரும் காண்ட்ராக்டரும் ஆச்சியும் இன்னும் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பாவம், அவர்கள் வண்டி சரியாக ஓடாது, வேறு காரணம் எதுவும் இருக்காது.