பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன்

பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்றால் எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள், ஐயா. கண்ணை மூடாதே என்றால்தான் முடிவதில்லை. என் தம்பி அதில் மன்னன். ஃப்ளாஷ் மின்னுவதற்கு முன்பே மூடிவிடுவான். அன்று மதியம் என் ஸ்டூடியோவில் அவனை உட்காரவைத்து எடுத்து எடுத்து எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம். சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போயிற்று.

அதே நேரத்தில்தான் அவன் வேலை பார்த்த கிடங்கின் முதலாளியை யாரோ குத்திக் கொன்றார்கள். முந்தின நாள் தம்பிக்கும் அவருக்கும் பெரிய வாய்ச்சண்டை. போலீஸ் நேராக வந்து அவனைத் தூக்கியது.

வண்டியில் ஏற்றும்போது, "அண்ணா, அந்தப் போட்டோவுல டைம் இருக்கும்ல? எடுத்துக் குடுண்ணா" என்றான்.

"பாக்கறேன்டா" என்றேன்.

பார்த்தேன். மெமரி கார்டில் எல்லாப் படமும் நேரத்தோடு பத்திரமாக இருந்தது. கார்டைக் கழற்றி, பழைய கேமராப் பையின் உள் ஜிப்பில் வைத்து மூடினேன். பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

வழக்கில் என்னையும் விசாரித்தார்கள். வந்தான், எத்தனை மணி என்று பார்த்து வைக்கவில்லை என்றேன். பிரிண்ட் போட்டதும் படத்தை அழிப்பது கடை வழக்கம் என்றேன். வழக்கம் அதுதான். அந்தப் படத்தை அழித்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

ஏன் என்கிறீர்கள். அந்தப் போட்டோ வெளிநாட்டு வேலைக்கு. அடுத்து மனைவியையும் மகளையும் போட்டோவுக்குக் கூட்டிவருவதாகச் சொன்னான். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அந்தக் குழந்தை நடக்கப் பழகிய நாளிலிருந்து என் தட்டில்தான் சாப்பிடுவாள். அவர்கள் கிளம்பிவிட்டால், எல்லாரும் ஒன்றாக இருக்கும் அந்த வீட்டில் நான் சுவரோடுதான் பேச வேண்டும். தம்பி மேல் எனக்குக் கோபமே கிடையாது.

போன வருஷம் கடையை ஒழுங்குபண்ண வந்த தம்பி மனைவி அந்தக் கார்டைக் கண்டுபிடித்துவிட்டாள். போட்டது போட்டபடி வக்கீலிடம் ஓடினாள். மறுஆய்வு மனு தயாரானது. வக்கீல் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"புதுசாக் கிடைச்ச ஆதாரம்னாதான் தீர்ப்பத் திரும்பப் பாப்பாங்க. அப்பவே உங்க கையில இருந்து, அது தம்பிக்கும் தெரியும்னா எடுத்துக்க மாட்டாங்க. எங்கயோ தவறிப்போச்சு, தேடினோம், இப்பதான் கிடைச்சுதுன்னு சொல்லுங்க. போதும்."

கூண்டில் ஏறினேன். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல எனக்கு வராது.

"தவறல்லாம் போகலைங்க. அன்னியிலேருந்து என்கிட்டதான் இருக்கு. தம்பிக்கும் தெரியும்."

மனு தள்ளுபடியானது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வெளியே வந்ததும் பசித்தது, சாப்பிட்டேன்.

நீங்கள் தோண்டித் தோண்டிக் கேட்டதால் இதையெல்லாம் சொன்னேன், ஐயா. நான் ஸ்டேஷனுக்கு வந்த விஷயம் வேறு. வீட்டுக்குப் போனால் பூட்டிக் கிடக்கிறது. தம்பி மனைவி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். அவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். புகாரில் இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: என் குழந்தையைக் கடத்திக்கொண்டு போய்விட்டாள்.