பாய்லருக்குப் பின்னால்

– பாய்லர் ரீசெட் பட்டன எத்தன வாட்டி அழுத்துனீங்க, கௌரிசங்கர் சார்? அத மொதல்ல சொல்லுங்க.

– மூணு... நாலு தடவ இருக்கும், அருள்முருகன். கடைசில எட்டு மணிக்குப் பிடிச்சிடுச்சு. எரியுது. இப்ப புகைதான் கறுப்பா வருது, அதான் போன் பண்ணேன்.

– அட என்னுங்க சார்! ஒரு வாட்டிக்கு மேல அழுத்தாதீங்கன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கறேனுங்களே. ஒவ்வொரு அழுத்துக்கும் டீசல் உள்ளாற பீச்சி நின்னுருக்கும். வெடிக்காம விட்டுதே, நம்ம நல்ல நேரம். ஆஃப் பண்ணுங்க.

– விளையாடுறியா? பத்து மணிக்கு லேபர் கேம்ப் இன்ஸ்பெக்‌ஷன். ஆபீசருங்க பாத்ரூம் பாத்ரூமா குழாயத் தொறந்து கைய வெச்சுப் பாப்பாங்க. ஜனவரி குளிர்ல சுடுதண்ணி மாஃபி, இல்லன்னு தெரிஞ்சா நான் கலாஸ், வேலையே போயிடும். நீ எங்க இருக்க?

– இன்னும் தம்மாம் தாண்டலீங்க. ரோட்டுல ஒரே மணல், முன்னாடி போற வண்டி தெரியல. முக்கா மணி ஆகுமுங்க. அங்க காத்து வர்ற ஜன்னல் தொறந்திருக்குதுங்களா?

– அதையா? நேத்தே அட்டை வெச்சு டேப் ஒட்டிட்டேன். மணல் பூந்து பாய்லர் வீணாப் போயிடக் கூடாதில்ல? எவ்வளவு நீட்டா ஒட்டியிருக்கேன், நீயே வந்து பாரேன்.

– சார்... நெருப்புக்குக் காத்து வேணுமுங்க. காத்து பத்தாமத்தான் கறுப்புப் புகை. அதுல ஆளக் கொல்ற வாயு இருக்குது, வாசன கூடத் தெரியாது. போன மாசமே சொன்னனே, புகைக்குழாய் ஜாயின்ட் விட்டிருக்குதுன்னு. மாத்துனீங்களா?

– லீவுக்குப் போயிட்டு வந்து மாத்தலாம்னு இருந்தேன்.

– வெளிய போக வேண்டியதெல்லாம் உள்ளாறயே சுத்துதுங்க அப்ப. சுவிட்ச அணைச்சுப்போட்டு அந்த அட்டையப் பிச்சு எறிங்க. உள்ள ஆரும் இல்லீல்ல?

– பாய்லர் ரூம்ல எவன் இருப்பான்? யாரும் இல்ல.

– அப்பச் சரிங்க.

– அருள்... பாய்லருக்குப் பின்னாடி ஸ்டோர் ரூம் இருக்கே. அங்கயும் போகுமா அது?

– பைப் போற ஓட்டை அத்தன பெருசு, போகாதா? ஏனுங்க கேக்கறீங்க?

– சும்மாதான்.

– நீங்க சும்மா கேக்கற ஆளுங்களா? ஆருங்க அங்க இருக்கறது?

– கத்தாத. ரூமுக்கு எட்டு பேர்தான்னு ரூல். நம்மகிட்ட எக்ஸ்ட்ரா பதினோரு பேர். ஆபீசருங்க போற வரைக்கும் அங்க உக்காருங்கப்பான்னேன். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் பண்றதுதான்.

– பூட்டியிருக்கீங்களா?

– வெளிப்பக்கம். பூட்டப் பாத்தா ஸ்டோர்னு விட்டுட்டுப் போயிடுவாங்க.

– எப்பப் பூட்டுனீங்க?

– எட்டரைக்கு.

– மணி ஒம்பதே முக்காலுங்க சார்! ஓடுங்க!

– ஆபீசருங்க வண்டி கேட்டுக்கு வந்துடுச்சுடா. இப்பத் தொறந்தா நான் ஜெயிலுக்குத்தான் போகணும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பத்தே நிமிஷம், அவங்க முன்பக்கம் பாத்துட்டு...

– பத்து நிமிஷமெல்லாம் இல்லீங்க! அந்த ஆபீசருங்களையே கூட்டிக்கிட்டு ஓடுங்க, ஆம்புலன்ஸுக்கு அவங்களே சொல்லட்டும். எனக்கு பயமா இருக்குதுங்க சார்.

– சரி, சரி, ஓடுறேன்... அணைச்சிட்டேன். கதவுகிட்ட வந்துட்டேன். சாவி உள்ள போக மாட்டேங்குது.

– பேரச் சொல்லிக் கூப்பிடுங்க!

– உமாபதி! டேய் உமாபதி! வேலுச்சாமி!... பதிலே இல்லடா.

– பதினோரு பேருங்க சார். ஒருத்தனுக்குத் தல சுத்தியிருந்தாக்கூட இந்நேரம் கதவ இடிச்சுத் தள்ளியிருப்பானுங்க. தூங்கறாங்களோ என்னமோ, இன்னும் பலமாத் தட்டிப் பாருங்க.

– இடிக்க மாட்டாங்க, அருள். உள்ளேர்ந்து சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் பதினோரு பேரையும் ஊருக்கு ஏத்தி விட்டுருவேன்னு சொல்லித்தான் பூட்டினேன்.