துப்பத் தெரியாதவன்

தண்ணீரை ரொம்பக் கொதிக்க விட்டிருக்கிறார்கள். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், காவல் நிலையத்தில் டீ கிடைப்பதே பெரிய விஷயம்.

என் மச்சினனைப் பற்றிக் கேட்டீர்கள். மனைவிக்கு ஒரே தம்பி, டயர் கடை வைத்திருந்தான். நல்ல பையன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

நான் டீ ருசி பார்ப்பவன். மலைத் தோட்டங்களிலிருந்து பருவத்தின் முதல் கொழுந்து வந்து இறங்கியதும் எங்கள் வட்டம் கூடும். ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்திலுள்ள குவளையில் துப்பிவிட வேண்டும். விழுங்கவே கூடாது. பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு, "பனி தெரிகிறது, கிழக்குச் சரிவு" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். கடைக்காரர்கள் என் வாயைப் பார்த்துத்தான் சரக்கு எடுப்பார்கள்.

மச்சினனும் தொற்றிக்கொண்டு வருவான். மடக்கு மடக்கென்று விழுங்குவான். துப்பச் சொல்லி எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். "நல்லா இருக்கறத யாராவது துப்புவாங்களா அத்தான்?" என்பான்.

போன மாதம் வீட்டில் ஒரு கோப்பையை நீட்டினான். உறிஞ்சிப் பார்த்து, புதுக் கொழுந்து, மேகம் தவழும் சரிவு, லேசான மலர் வாசம் என்றேன். அவன் உள்ளே போய் ஒரு கசங்கிய பொட்டலத்தை எடுத்து வந்து வைத்தான். என் மனைவி எப்போதோ வாங்கி மறந்துபோன மளிகைக் கடை டீத்தூள். அலமாரியில் சோப்புக் கட்டிகளோடு கிடந்ததாம். மலர் வாசம் அதுதானாம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த கூட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன் அத்தான். சிரிச்சே செத்துடுவாங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் நாக்கை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

கிடங்கில் எலிகளுக்கு வைக்கும் மருந்து இருந்தது. அடுத்த கூட்டத்தன்று அதை டீக் கெண்டியில் கலந்தேன். அவனுக்கு மட்டும் தனியாகக் கலக்கவில்லை, பாரபட்சம் எனக்குப் பிடிக்காது. எல்லோரும் உறிஞ்சினோம், எல்லோரும் துப்பினோம், நான் உட்பட. முறை தெரிந்தவர்களுக்கு ஒரு கேடும் வரவில்லை பாருங்கள். ஒருவருக்கு நாக்கு மரத்துப் போனதாம். உயரமான மலையின் குணம் அது என்று விளக்கினேன், சொக்கிப் போய்விட்டார். இன்னொருவர் தனக்கு ஒரு மூட்டை எடுத்து வைக்கச் சொன்னார்.

ஆகவே அவனைக் கொன்றது நான் என்பதைவிட, அவனுடைய பழக்கம் என்று எழுதிக்கொள்வதுதான் நியாயம். ஒழுங்காகத் துப்பியிருந்தால் இன்றைக்கும் டயர் விற்றுக்கொண்டிருப்பான்.

எப்படியும் மற்றவர்கள் உங்களிடம் சொல்லிவிடுவார்கள், அதனால் நானே சொல்கிறேன். அன்றைக்கு அவன் துப்பினான். வாயில் வைத்ததுமே முகத்தைச் சுளித்து, குவளையை இழுத்துத் துப்பிவிட்டு, "இதுல என்னமோ சரியில்ல அத்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை நாக்குகளில் அந்த ஒன்றுக்குத்தான் தெரிந்தது. நான் அவன் தோளில் கைபோட்டு, ஒரு கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.

"விழுங்கிப் பாருடா, அப்புறம் இனிக்கும்."

குடித்தான். டீ விஷயத்தில் அவன் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.