வைத்திருந்தால் ருசி கூடுமா

மதிப்பிற்குரிய இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. நான் புலாவ் செபாங்கில் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவன். கடிதத்துக்கு இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை மீறியதில்லை. இதிலும் விட்டிருக்கிறேன். நீங்கள் ஏதாவது குறித்துக்கொள்ள உதவும்.

என் மனைவி ரோசலினின் தம்பி ரெஜினால்டுக்கு ஈஸ்டர் ஞாயிறன்று, புக்கிட் ரம்பாயில் என் வீட்டு ஸ்டோர் ரூமில், பீர் போத்தல் வெடித்து இரண்டு கண்ணும் போனது பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையை ரோசலின் எனக்குப் படித்துச் சொன்னாள். வீட்டில் காய்ச்சிய பீர், நாள்பட வைத்திருந்ததில் தானாக முற்றி வெடித்தது, விபத்து என்று இருக்கிறது. விபத்து என்ற சொல்லில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. தானாக முற்றி என்பதுதான் சரியில்லை. அந்தப் பீர் முற்றவில்லை. வைத்திருந்ததால் அதற்கு எந்த உயர்வும் வரவில்லை. இதை எழுத்தில் திருத்தாமல் விட்டால் ஊர் வேறு மாதிரி பேசிவிடும். பேச ஆரம்பித்தும்விட்டது.

பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் கிராணியாக, சரக்குக் கணக்கு எழுதுகிறவனாக இருந்தேன். பழைய சரக்கு முன்வரிசை, புது சரக்கு பின்வரிசை. முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். பசையோ, பெயிண்டோ, ரப்பர் வளையமோ, அலமாரியில் உட்கார்ந்திருந்ததால் நல்லதாகிப்போன பொருள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ரெஜினால்ட் சிங்கப்பூரில் ஹோட்டல் பார் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, கோவிட் சமயத்தில் ஊர் திரும்பினான். திரும்பும்போது பெல்ஜியம் பக்கத்துப் புளிப்பு பீர் நான்கு பெட்டி கொண்டுவந்தான். அந்த நாட்டுப் பண்ணை வீடுகளில் குடியானவர்கள் காய்ச்சுவதாம். வருடக்கணக்கில் குளிர்ந்த அறையில் வைத்துத் திறந்தால் ருசி கூடுமாம். அவன் வீட்டில் இடமில்லை. "நம்ம ஸ்டோர் ரூம் சும்மாத்தானே கிடக்கு, ஏர்கோன்கூட இருக்கு" என்று ரோசலின் சாவியைக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. தம்பி என்றால் அவளுக்கு அப்படி.

முதல் போத்தலைத் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வரவேற்பறை முழுவதும் ஒட்டுப்பால் நாற்றம்.

நீங்கள் டவுனில் வளர்ந்தவர் என்றால் ஒட்டுப்பால் தெரிந்திருக்காது. ரப்பர் மரத்துச் சிரட்டையில் உறைந்துபோன பாலைச் சாக்கில் கட்டி, நாலு நாள் அழுகவிட்டுத் தூக்குவார்கள். என் தாயார் முப்பது வருடம் அந்தச் சாக்கைத் தலையில் சுமந்தவர். சவுக்காரம் போட்டு மூன்று முறை குளித்துவிட்டுத்தான் மாதா கோயில் பூசைக்கு வருவார். அப்படியும் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். மாறியவர்களில் ரெஜினால்டின் குடும்பமும் உண்டு. அவன் அப்பா எஸ்டேட் ஆபீஸ் கிராணி. அந்த வீட்டுப் பிள்ளை இன்று அதே நாற்றத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டு, "ஆகா, கொட்டில் வாசனை மச்சான். ஈரக் குதிரை, பழைய வைக்கோல். பிடிபடுதா?" என்று கேட்டான்.

எனக்குப் பிடிபட்டது. எழுந்து போய் முகம் கழுவினேன்.

அவன் குடிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வாய் எடுத்து, இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றிக் கொப்பளிப்பான். பல்லிடுக்கில் காற்றை இழுப்பான். அந்தச் சத்தம் சமையலறைக் குழாய் அடைத்துக்கொண்டது போல இருக்கும். மீசையில் ஒட்டிய நுரையை நாக்கால் நக்கிவிட்டு, ஈரக் கையை எங்கள் சோபா உறையில் துடைப்பான். போன நவம்பரில் தானே காய்ச்சுகிறேன் என்று பீப்பாய் மாதிரி நீல நிறப் பிளாஸ்டிக் தொம்பு ஒன்றை ஸ்டோர் ரூமில் வைத்தான். மூன்றாம் வாரம் மூடியைத் திறந்து காட்டினான். மேலே வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, கொப்புளம் கட்டிய தோல் மாதிரி ஒரு ஏடு. விரலால் அதைக் கிழித்து, வழித்து, வாயில் வைத்துச் சப்பினான். "உயிருள்ள பீர் மச்சான் இது" என்றான். அன்று நான் இரவுச் சோறு சாப்பிடவில்லை.

ஆனாலும் அருவருப்பை வைத்து ஒரு விஷயத்தை முடிவு செய்வது முறையில்லை. ஆகவே நோட்டுப் போட்டேன். ஒரே பீரில், ஒரு வருடத்துக்கு மேல் வைத்ததையும், அவன் பிறகு தருவித்துப் புதிதாக வந்து இறங்கியதையும் ஒரே நாளில் திறந்து, நானே குடித்துப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது ஜோடி. பதினான்கில் பழையதுதான் மட்டம். பழவாசனை செத்து, நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஏறியிருந்தது. மூன்றில் வித்தியாசமே இல்லை. இரண்டில், நேர்மையாகச் சொல்கிறேன், பழையது நன்றாக இருந்தது. காடி மாதிரி குத்திய புளிப்பு தணிந்து, தொண்டையில் இதமாக இறங்கிற்று. அந்த இரண்டையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் வஞ்சம் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா?

கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ரெஜினால்ட், அவன் மனைவி மோனிக்கா, அவன் சிநேகிதர் கணேசமூர்த்தி, ரோசலின். நோட்டைக் காட்டினேன். ரெஜினால்ட் புரட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், பீருக்கும் ஸ்டாக் எடுத்துட்டாரு பாருங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சரி, கண்ணைக் கட்டிக்கொண்டு சொல் என்றேன். ஒப்புக்கொண்டான். ஆறு குவளை ஊற்றினேன். மூன்று பழையது, மூன்று புதியது. துண்டை நானே கட்டினேன்.

ஆறையும் சரியாகச் சொன்னான்.

கணேசமூர்த்தி மேசையைத் தட்டினார். "ஸ்டோர் கிராணி கணக்கு தப்பாதுன்னீங்களே அண்ணே, இப்ப எப்படி?" ரோசலின் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் மட்டும்தான் அவன் எதிரில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். துண்டுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதற்குள் அவன் கருவிழி கீழ்நோக்கி உருண்டுகொண்டிருந்தது. பழைய பீர் நிறம் கறுத்து, அடியில் மண்டி தங்கியிருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல நாக்கு எதற்கு?

பார்த்துவிட்டுச் சொல்கிறான் என்றேன். அவன் துண்டை அவிழ்த்து என் மடியில் போட்டான். "தோத்துட்டீங்க லா மச்சான், ஒத்துக்குங்க. இல்ல, கண்ணைத் தோண்டி வச்சிட்டுச் சொன்னாத்தான் நம்புவீங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்டது அவன். நான் இல்லை. அறிக்கையில் சேர்த்தால் இதையும் சேருங்கள்.

அவன் காய்ச்சியதை டிசம்பர் கடைசியில் போத்தலில் அடைத்தான். இருபத்து நான்கு போத்தல். வெளிநாட்டுக்காரன் இந்த வகைக்குத் தடிமனான போத்தல் உபயோகிப்பான். ரெஜினால்ட், பழைய சாமான் கடையில் காலியாகக் கிடந்த மெல்லிய போத்தலைக் கழுவி மூடிவிட்டான். இந்தப் பீரில் உள்ள காட்டு ஈஸ்ட் போத்தலுக்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், காற்றைக் கக்கிக்கொண்டே இருக்கும். குளிரில் மெதுவாகத் தின்னும். சூட்டில் வேகமாக. இதெல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறது. யாரும் படிக்கலாம்.

ரெஜினால்ட் தவக்காலத்தில் குடிக்க மாட்டான். அது ஒன்றில் அவன் ஒழுங்கு. திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டர் வரை ஸ்டோர் ரூம் பக்கமே வர மாட்டான். அந்தப் புதன்கிழமை சாயங்காலம், நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, ஏர்கோன் சுவிட்சை அடைத்தேன். அந்த அறைக்கு மேற்கு வெயில். மேலே சிங்க் தகரக் கூரை. உள்ளே ஒரு வெப்பமானி தொங்கவிட்டேன். பிற்பகலில் முப்பத்தெட்டு காட்டிற்று. தினமும் இரண்டு வேளை குறித்தேன்.

நான்காம் வாரம், மதியம் இரண்டு மணிக்கு, ஒரு போத்தல் வெடித்தது. டுரியான் பழம் கூரையில் விழுந்த மாதிரி சத்தம். ரோசலின் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். கண்ணாடிச் சில்லு ஒன்று பிளைவுட் கதவில் அரை அங்குலம் இறங்கியிருந்தது. குறடால் பிடுங்கி, ஓட்டையை மெழுகு வைத்து அடைத்தேன். தரையை டெட்டோல் போட்டுத் துடைத்தேன். அதன்பிறகு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் தடித்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, மிச்சம் இருபத்து மூன்று போத்தலையும் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து மூன்றாம் தட்டில் அடுக்கினேன். ரெஜினால்ட் ஐந்தடி ஏழு அங்குலம். மூன்றாம் தட்டு அவன் மோவாய்க்கு வரும்.

ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டினேன். எண், அடைத்த தேதி, வைத்த நாள். பென்சிலால், அரிசி அளவு எழுத்தில் எழுதினேன். அவனுக்குக் கிட்டப்பார்வை. சின்ன எழுத்து என்றால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொருளை முகத்தருகே கொண்டுபோவான். கவனித்திருக்கிறேன். எந்தப் போத்தலை எடுத்தாலும் மோதிர விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "உயிர் இருக்கா பாப்போம்" என்பதும் அவன் வழக்கம்.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் ஏர்கோனைப் போட்டேன். அரை மணி நேரத்தில் அறைக்காற்று குளிர்ந்துவிடும். போத்தலின் உள்ளே குளிர அந்த நேரம் போதாது. ரோசலினும் மோனிக்காவும் பிரியாணி தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெஜினால்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். "நாப்பது நாளு மச்சான். வாயே காஞ்ச ரொட்டி மாதிரி ஆயிடுச்சு. திறங்க, திறங்க." திறந்தேன். அவன் உள்ளே போனான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

எடுத்தான். தட்டினான். ஒன்றும் ஆகவில்லை. லேபிளைப் பார்த்தான். "என்ன மச்சான், எறும்பு மேஞ்ச மாதிரி எழுதி வச்சிருக்கீங்க? ஒண்ணும் தெரியல லா." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"கிட்ட வச்சுப் பாரு" என்றேன். நான் சொன்னது அது ஒன்றுதான். மறுபடியும் தட்டினான்.

சத்தத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஓடிவந்த மோனிக்கா, "அண்ணே, அண்ணே, என்னாச்சுண்ணே" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ரெஜினால்ட் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தான். விரலிடுக்கில் வந்த நுரை வெள்ளையாக இல்லை. உண்மையைச் சொன்னால், அப்போதும் எனக்கு முதலில் பட்டது நாற்றம்தான். வீடு முழுக்க ஒட்டுப்பால். ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன். ஜாலான் பெயரும் வீட்டு எண்ணும் தெளிவாகச் சொன்னேன்.

இத்துடன் விட்டிருப்பேன். ஆனால் கணேசமூர்த்தி போகிற இடமெல்லாம், "வச்சா வீரியம் ஏறும்னு ரெஜினால்ட் சொன்னது உண்மையாப் போச்சு பாருங்க, போத்தலே தாங்கலயே" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்கள் அறிக்கையும் அதையே வேறு வார்த்தையில் சொல்கிறது. ஒரு மனிதன் கண்ணை இழந்த பிறகும் பொய் ஜெயிப்பது சரியா? வெடிக்க வைத்தது நாள் இல்லை ஐயா. சூடு. அந்தச் சூட்டை நான் வைத்தேன், தட்டை நான் மாற்றினேன், எழுத்தை நான் சிறிதாக்கினேன். கையொப்பமிட்டுத் தருகிறேன்.

ரெஜினால்ட் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். மோனிக்கா வேலைக்குப் போவதால் பகலில் நான் பார்த்துக்கொள்கிறேன். குளிக்கவைப்பது, சோறு பிசைந்து கையில் தருவது, மீசை கத்தரிப்பது எல்லாம் நான்தான். நான் தங்கமான மனுஷன் என்று ரோசலின் அக்கம்பக்கத்தில் சொல்லி அழுகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை, காலைப் பலகாரத்துக்குப் பிறகு, மிச்சமிருந்த பெல்ஜியம் பீரில் ஒரு பழையதும் ஒரு புதியதும் திறந்தேன். ஆறு குவளை ஊற்றினேன். துண்டு தேவைப்படவில்லை. முதல் குவளையை அவன் கையில் வைத்தேன். வெகுநேரம் முகர்ந்தான். குடிக்கவில்லை. பிறகு மேசையைத் தடவி, இடம் பார்த்து, சிந்தாமல் அதை வைத்தான்.

"லேபிள்ல எழுதினது நீங்கதானே மச்சான்" என்றான்.

ஆமாம் என்றேன். நான் அவனிடம் பொய் சொன்னதில்லை.

ரோசலின் பின்கட்டில் துணி காயப்போடும் சத்தம் கேட்டது. "அக்காகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டா" என்றான். பிறகு, "வச்சா ருசி கூடாது. நீங்க சொன்னதுதான் சரி. எல்லாமே நீங்க சொன்னதுதான் சரி. போதுமா மச்சான்?" என்றான்.

நோட்டில் தேதியும் நேரமும் போட்டு, அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். கிறிஸ்துமஸ் அன்றே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். இதைவிட மென்மையான ஒரு வழியில் அதை அவனிடமிருந்து யாரும் வாங்கியிருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.