யாரும் மாத்தாத குடை

— …ஆகவே, பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருக்குங்கறதுக்காக, தொடங்கி வச்சவர்னு ஒருத்தர் இருந்தே ஆகணும்னு இல்ல! எப்படி இருக்கு?

— இஸ்திரி போட எடுத்தா, இந்தச் சட்டைல ஒரு பட்டனைக் காணோம்.

— சாயங்காலம் பட்டிமன்றத்துல பேசப்போற பேச்சு எப்படி இருக்குன்னு கேட்டேன்.

— நல்லாத்தாங்க இருக்கு. ஆனா ஒரு பட்டன் தைக்கவே நான் வேண்டியிருக்கு. இத்தனை நட்சத்திரத்துக்கு ஒரு ஆள் வேண்டாமாக்கும்?

— லாஜிக்கா பாரு. அப்படி ஒரு ஆள் இருந்தா, அவரை உண்டாக்கினது யாரு? இந்த ஒரு கேள்வில எதிரணி கப்சிப்.

— முன்வரிசைல உங்க அம்மா உக்காந்திருப்பாங்க, பார்த்துப் பேசுங்க.

— அவங்களுக்காகத்தான் கடைசில ஒரு உதாரணமே வச்சிருக்கேன். நம்ம கதை.

— ஐயையோ, அதெல்லாம் எதுக்குங்க?

— லாஜிக்கா பாரு. நீ வேலை பார்த்த லைப்ரரி. மழை. நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி கறுப்புக் குடை. வாசல்ல இருந்த உன்னோடதை நான் மாத்தி எடுத்துட்டுப் போறேன். திருப்பிக் கொடுக்க வர்றேன். அப்புறம் கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க. அம்மா காட்டின பதினோரு பொண்ணையும் வேண்டாம்னவனுக்கு, யாரும் திட்டம் போடாம ஒரு வாழ்க்கையே கிடைச்சுது. எனக்கு அதுல எவ்ளோ பெருமை தெரியுமா?

— ஏங்க, அதை மட்டும் எடுத்துடுங்களேன்.

— அதுதான் என் பேச்சுக்கு உயிரே!

— குடைக் கைப்பிடில என் போன் நம்பர் ஒட்டியிருந்துச்சே, ஏன்னு யோசிச்சீங்களா?

— தொலைஞ்சா கிடைக்கணும்னு ஒட்டியிருப்பே.

— அட போங்க! பிரபஞ்சம் உண்டான நொடிக்கே கணக்குப் போடற இயற்பியல் வாத்தியார்! அன்னிக்குக் காலைலதான் ஒட்டினேன். உங்க குடையை என் மேஜைக்கு அடியில ஒளிச்சதும் நான்தான்.

— வெளையாடாதே.

— இஸ்திரிப் பெட்டி மேல கை வச்சு சத்தியம் பண்ணவா?

— தலை நிமிர்ந்தே பார்க்க மாட்டியே நீ! உனக்கேது இவ்ளோ தைரியம்?

— எனக்கேது? சொல்லிக் கொடுத்தவங்க சொன்னபடி செஞ்சேன்.

— யாரு அது?

— பார்த்தீங்களா, உங்க கேள்விக்கு நீங்களே வந்துட்டீங்க. வாராவாரம் கதைப் புத்தகம் எடுக்க வருவாங்களே, உங்க அம்மா. “நான் காட்டினா வேண்டாம்பான், அவனே கண்டுபிடிச்சதா நினைக்கட்டும்”னாங்க.

— அம்மாவா! இந்தக் கல்யாணமே கூடாதுன்னு ரெண்டு நாள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம கிடந்தாங்களேடி!

— அந்த ரெண்டு நாளும் நீங்க காலேஜ் போனதும் எங்க வீட்லதான் சாப்பிட்டாங்க. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.